நடுவில் இருக்கும் பஞ்சு: வீட்டுத் தையலறையில் அதைக் காப்பதும் கையாள்வதும்

குவில்ட் மூன்று அடுக்கு கொண்டது. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகத்துணி, கீழே அடித்துணி, இரண்டுக்கும் நடுவே பஞ்சு. முகத்துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, நடுப்பஞ்சை வாங்கிவந்த பையோடு பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தைக்க எடுக்கும் நாளில்தான் சிக்கல் தெரிகிறது. மடிப்புத் தடம் போக மறுக்கிறது, மழைக்காலம் கழிந்து திறந்த பையில் புழுக்க வாடை அடிக்கிறது. உறை தொலைந்துபோனதால் அது என்ன நார், எவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டும் என்பதும் தெரியவில்லை.

இதற்கான அறிவுரைகள் தையல் நூல்களில் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் வெப்பமூட்டியால் உலர்ந்துபோகும் காற்று, துணி உலர்த்தும் இயந்திரம், தையலுக்கென்று தனியறை ஆகியவை அங்கே உண்டு. அந்த வீட்டில் பஞ்சுக்கு எதிரிகள் தூசும் மடிப்பும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ யாழ்ப்பாணத்திலோ முதல் எதிரி ஈரம். ஆகவே வந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நாரின் இயல்பை வைத்து ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பெட்டி, எந்த அலமாரி என்று கேட்பதற்கு முன் எந்த நார், அது எப்படித் தகடாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

இந்தக் கேள்வி நமக்கு ஓரளவு புதியது. துணியின் மேல் துணியை அடுக்கித் தைக்கும் வழக்கம் இந்தியாவில் பழையதுதான். வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளே அடுக்குகள். வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையிலும் நைந்த துணிகளே உள்ளீடு. இவற்றில் பஞ்சே இல்லை என்பதால் சேமிப்புச் சிக்கலும் இல்லை. ஜெய்ப்பூர் ரஜாயில் பஞ்சு உண்டு. கால் கிலோ பஞ்சை அடைத்து ஒரு குளிர்காலத்தைக் கடக்கலாம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பஞ்சு அடிக்கப்பட்டவுடன் உறைக்குள் பரப்பப்பட்டுத் தைக்கப்பட்டுவிடும். நம் ஊர்களில் வில்லைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வந்து பஞ்சு கொட்டியவர்களும் அப்படித்தான் வேலை செய்தார்கள். வாசலில் கொட்டிய பஞ்சு அன்று மாலைக்குள் மெத்தைக்குள் போய்விடும். கொட்டிய பஞ்சை யாரும் அலமாரியில் வைத்துக் காத்ததில்லை. தகடாகச் செய்து, சுருட்டி, விற்பனைக்கு வந்த பிறகுதான் பஞ்சைக் காப்பது என்ற வேலையே பிறந்தது.

தகடு எப்படி வந்தது என்பதற்கு அமெரிக்கக் குவில்ட்டின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1794இல் எலி விட்னி பஞ்சு அரவைப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பழைய குவில்ட் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, உள்ளே கொட்டைத் துணுக்குகள் தெரிந்தால் அது அந்தப் பொறிக்கு முந்தையது என்று சொல்வோர் அங்கே நெடுங்காலம் இருந்தார்கள். அது சரியல்ல. பொறியில் அரைத்த பஞ்சிலும் துணுக்குகள் தங்கத்தான் செய்யும். இன்றும் வெளுக்காத பருத்தித் தகட்டில் பழுப்புப் புள்ளிகளாக அவற்றைக் காணலாம். 1846இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஸ்டேர்ன்ஸ் அண்ட் ஃபாஸ்டர் நிறுவனம் பின்னாளில் மவுன்டன் மிஸ்ட் என்ற பெயரில் பருத்தித் தகடுகளை விற்றது. அந்தச் சுருளைச் சுற்றிய காகித உறையிலேயே குவில்ட் வடிவங்களை அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்த உறைகளைச் சேர்த்துவைத்த குடும்பங்கள் இன்றும் உண்டு. தகட்டின் மேற்பரப்பில் மெல்லிய பசைப் படலம் பூசி நார் பிரியாமல் காத்தது அந்த நிறுவனத்தின் முறை.

வாங்க வசதி இல்லாதவர்களின் கதை வேறு. அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊரில், அரவை ஆலையில் மிஞ்சிய பஞ்சைச் சேகரித்து, குச்சியால் அடித்துப் பரப்பிக் குவில்ட் தைத்தார்கள் கறுப்பினப் பெண்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகம் வியந்த குவில்ட்டுகளைத் தந்த ஊர் அது. அப்படிப் பரப்பிய பஞ்சு பிணைப்பில்லாதது. நெருக்கமாகத் தைக்காவிட்டால் ஒரே சலவையில் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பழைய குவில்ட்டுகளில் தையல் வரிகள் அவ்வளவு அடர்த்தியாக ஓடுவதற்கு அழகு ஒரு காரணம், பஞ்சைக் கட்டிப்போடும் தேவை இன்னொரு காரணம்.

1950களுக்குப் பிறகு பாலியெஸ்டர் வந்தது. தகட்டைப் பிணைக்கும் முறைகளும் பெருகின. ரெசின் தெளித்துப் பிணைப்பது ஒன்று. எளிதில் உருகும் நாரைக் கலந்து சூடேற்றிப் பிணைப்பது மற்றொன்று. முள் வைத்த ஊசிகள் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கி நார்களை ஒன்றோடொன்று சிக்கவைப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையில் சிலவற்றுக்கு அடியில் ‘ஸ்க்ரிம்’ எனப்படும் மெல்லிய வலை ஒன்றும் இருக்கும். தகடு இழுபடாமல் நிற்பது அதனால்தான். எப்படிப் பிணைக்கப்பட்டது என்பதை அறிந்தால் அதை எப்படி மடிக்கலாம், எவ்வளவு அழுத்தலாம், நனைக்கலாமா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

இனி ஈரத்துக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் நடுப்பஞ்சு கெடுவதற்கு இதுவே தலையாய காரணம்.

ஒவ்வொரு நாரும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் சோதனை நிலையில், உலர்ந்த எடையில் பருத்தி 8.5 சதவீதம் நீர் பிடிக்கும். கம்பளி அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பிடிக்கும். பாலியெஸ்டர் பிடிப்பது வெறும் 0.4 சதவீதம். இதை வீட்டுக் கணக்கில் பார்க்கலாம். குயின் அளவுத் தகடு 90 அங்குலத்துக்கு 108 அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.3 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தகடு என்றால், மொத்தம் ஒன்றேகால் கிலோ. அது பருத்தியாக இருந்தால் தொட்டால் உலர்ந்தது போலத் தோன்றும்போதே அதற்குள் 100 கிராம் நீர் இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நாட்களில் காற்றின் ஈரம் 90 சதவீதத்தை எட்டும்போது அந்த அளவு இன்னும் பாதிக்கு மேல் கூடும். அந்த நாளில் தகட்டை நெகிழிப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினால், ஈரத்தை வெளியே நிறுத்தியதாக நினைக்கிறோம். உண்மையில் உள்ளே பூட்டிவிட்டோம்.

பிறகு நடப்பது இரவும் பகலும் மாறிமாறி வருவதால். பகலில் அறை சூடாகும்போது பஞ்சு கொஞ்சம் ஈரத்தைப் பைக்குள்ளிருக்கும் காற்றில் விடும். இரவில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் இரும்புத் தகடு குளிரும்போது பையின் அந்தப் பக்கம் அது நீர்த்துளியாகப் படியும். துளி படிந்த இடத்துப் பஞ்சில் பூஞ்சை பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். துளிகூட வேண்டியதில்லை. பூஞ்சை விட்ட கறை எந்தச் சலவையிலும் முழுதாகப் போவதில்லை. வெளிர்நிற முகத்துணிக்குள் அந்தத் தகட்டை வைத்துத் தைத்தால் கறை நிழலாகத் தெரியும்.

சிறு சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிராம் பொட்டலம் இரண்டு போட்டால் மூன்று கிராம் நீர் குறையும். நாம் குறைக்க வேண்டியதோ ஐம்பது, அறுபது கிராம். மருந்துப் புட்டிக்குப் பொருத்தமான அளவு பஞ்சு மூட்டைக்குப் பொருந்தாது. அதைவிடப் பயனுள்ளது பழைய வழிதான்: ஈரம் குறைந்த நாளில் காயவைத்து எடுத்து வைப்பது. மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களிலோ கோடையிலோ நடுப்பகலில் மொட்டை மாடிக் கொடியில் அல்லாமல், விரித்த பாயில் தகட்டைப் பரப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி மூடி ஓரிரு மணி நேரம் விட வேண்டும். கொடியில் போட்டால் தன் எடையாலேயே தகடு இழுபட்டு நடுவில் மெலிந்துவிடும். மேல்துணி காக்கை எச்சத்தையும் நேரடி வெயிலையும் தடுக்கும். மாலையில் காற்று மறுபடி ஈரமேறும் முன்பே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். ஐந்து மணி வரை விட்டுவைத்தால் போன ஈரம் திரும்பி வரத் தொடங்கிவிடும்.

எதில் வைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. காற்றுப்புகாத உறை வேண்டும் என்பது ஒன்று, மூச்சுவிடும் துணிப்பை வேண்டும் என்பது மற்றொன்று. நாரைப் பார்த்தால் இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. பாலியெஸ்டருக்கு ஈரம் பொருட்டல்ல. தூசும் பல்லி எச்சமும்தான் பொருட்டு. அதை நெகிழிப் பையில் வைப்பதில் தவறில்லை. பருத்திக்கும் மூங்கில் விஸ்கோஸுக்கும் துணிப்பை வேண்டும். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டி அல்லது தலையணை உறை போதும். கஞ்சி போட்ட துணி கூடாது. மாவுச்சத்தைத் தேடித்தான் ராமபாணப் பூச்சி வருகிறது.

நெகிழியிலும் வேறுபாடு உண்டு. வழுவழுப்பான, ரப்பர் வாடை வீசும் பிவிசி உறைகள் காலப்போக்கில் பிசுபிசுக்கும், அமிலத் தன்மையுள்ள ஆவியை வெளியிடும். துணிப் பாதுகாப்பில் ஈடுபட்ட அருங்காட்சியகங்கள் அவற்றைத் தவிர்க்கின்றன. சாதாரண பாலித்தீன் பையும் முழுக்கக் குற்றமற்றதல்ல. சில பாலித்தீன்களில் நெகிழி கெடாமலிருக்கச் சேர்க்கும் பிஹெச்டி (BHT) என்ற பொருள், வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து துணியில் மஞ்சளாகப் படிகிறது. ஆலைகளில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். பையிலேயே இருந்த வெள்ளைத் தகடு, யாரும் தொடாமலே, மடிப்பு ஓரங்களில் மஞ்சளாகிப்போவதற்கு இது ஒரு காரணம். சாலையோர வீட்டில் வாங்கிவந்த பையிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மரப் பலகையும் அமிலம் கசியும். நேரடியாக மரத்தின் மேல் வைக்காமல் துணி விரித்து வைப்பது நல்லது.

வீட்டில் எந்த இடம் என்றால், இரண்டு இடங்களை முதலில் விலக்குவேன். ஒன்று தரை. மழைநீர் புகுவது ஒருபுறமிருக்க, தினமும் ஈரத் துணியால் துடைக்கும் தரையின் ஈரம் பையின் அடியில் தங்கிவிடும். மற்றொன்று மேல்தளத்து வீட்டின் பரண். கோடையில் அங்கே வெப்பம் தேங்கும், கான்கிரீட்டில் ஒழுக்கிருந்தால் முதலில் நனைவதும் அதுதான், எலி குட்டி போடத் தேடும் இடமும் அதுவே. எலிக்குப் பஞ்சைவிட உவப்பான படுக்கை இல்லை. உள்சுவரை ஒட்டிய அலமாரியின் நடுத்தட்டு, அல்லது அடிக்கடி திறக்கப்படும் பீரோவின் மேல்தட்டு சிறந்தது. சுவருக்கும் பொருளுக்கும் இடையே நாலு விரல் இடைவெளி விட்டால் காற்று நடமாடும். கட்டிலின் அடிப்பெட்டி, இடமில்லாத குடியிருப்புகளில் தவிர்க்க முடியாதது. அதில் வைத்தால் மாதம் ஒருமுறையாவது பலகையைத் தூக்கி அரை நாள் காற்றாட விட வேண்டும். சிறிய மின்னணு ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்துப் பார்த்தால், ஒரே வீட்டுக்குள் இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது தெரியும்.

மடிப்பதா, சுருட்டுவதா? சுருட்டுவதே மேல் என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டிப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் கீழ் ஓரம் நசுங்கிவிடும். அட்டைக் குழாயை வெறுமனே பயன்படுத்தாமல் அதன் மேல் துணி சுற்றிக்கொள்வது நல்லது. சுருட்ட இடமில்லாவிட்டால் மடிக்கலாம். மடிப்புக்குள் பழைய துணியை உருட்டி வைத்தால் கூர்மையான தடம் விழாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்புக் கோட்டை மாற்ற வேண்டும். பழைய குவில்ட்டுகளைக் காக்கும் அருங்காட்சியகங்கள் செய்வதும் இதையே.

காற்றை உறிஞ்சி எடுத்துச் சுருக்கும் பைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. ஒரு பெரிய மூட்டை புத்தக அளவுக்குச் சுருங்குவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கம்பளி இதைத் தாங்கும். அதன் நாரில் இயற்கையான சுருள் இருப்பதால், வெளியே எடுத்து நீராவி காட்டினால் மறுபடி எழுந்துவிடும். ஊசி குத்திப் பிணைத்த மெல்லிய பருத்தித் தகடும் பெரிதாகக் கெடுவதில்லை, முன்பே உலர்த்தப்பட்டிருந்தால். உயரமாக உப்பிய பாலியெஸ்டரைத்தான் இதில் வைக்கக் கூடாது. அந்த நார் 70 முதல் 80 டிகிரி செல்சியஸில் இளகி, ஆறும்போது இருந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அழுத்திக் கட்டிய மூட்டையை விட்டுவைத்தால் அந்த எல்லையை நெருங்கிவிடுகிறோம். அந்த எல்லையைத் தொடாவிட்டாலும், அழுத்தமும் காலமும் சேர்ந்தால் நார் தட்டையாகவே பழகிவிடும். எதற்காகக் கூடுதல் விலை கொடுத்து உப்பலான தகட்டை வாங்கினோமோ அதையே இழக்கிறோம்.

பூச்சிகளைப் பொறுத்தவரை நாருக்கு நார் கதை வேறு. அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் தின்பது கம்பளியையும் பட்டையும் போன்ற விலங்கு நார்களை. பருத்தியை அவை நாடுவதில்லை. ஆகவே பருத்தித் தகட்டுக்குள் பாச்சை உருண்டை போடுவது வீண் வேலை. கம்பளிக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாப்தலீனின் ஆவி மூச்சுக்குக் கெடுதல். அது ஊறிய பஞ்சு கடைசியில் குழந்தையின் போர்வைக்குள் போகிறது. கம்பளித் தகட்டுக்கு நல்ல வழி குளிர்: பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்தபின், பை அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த கம்பளி மேல் நீராகப் படியும். வேப்பிலையும் வசம்பும் பூச்சியை ஓரளவு விலக்கலாம், இருப்பதைக் கொல்வதில்லை. இலையின் சாறு பஞ்சில் கறையாகும் என்பதால் அவற்றைத் துணி முடிச்சில் கட்டி அலமாரி மூலையில் வைப்பதே சரி.

எந்தக் கையேடும் போதிய அழுத்தத்தோடு சொல்லாத ஒன்று உண்டு. பஞ்சோடு சேர்த்துக் காக்க வேண்டிய பொருள் அதன் உறைக் காகிதம். அதில்தான் நாரின் பெயர், எடை, சுருங்கும் அளவு, துவைக்கும் முறை, மிக முக்கியமாகத் தையல் வரிகளுக்கு இடையே விடக்கூடிய அதிகபட்ச இடைவெளி ஆகியவை இருக்கும். வலை வைத்து ஊசி குத்திய தகட்டுக்கு அந்த இடைவெளி எட்டு, பத்து அங்குலம் வரை போகும். பிணைப்புக் குறைந்த பருத்திக்கு இரண்டு மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இந்த எண் தெரியாமல் தைத்த குவில்ட், சில சலவைகளுக்குப் பிறகு உள்ளே பிய்ந்து, மேடும் பள்ளமுமாகிவிடும். அதைப் பிரித்துத் திருத்த வழியே இல்லை. மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கும்போது உறை கிடைக்காது. அப்போது கடைக்காரரிடம் கேட்டுச் சிறு துணித் துண்டில் எழுதி, தகட்டின் ஒரு மூலையில் ஊக்கு அல்லாமல் நூலால் தைத்துவிட வேண்டும். ஊக்கு துருப்பிடிக்கும். நீளம், அகலம், வாங்கிய மாதம், மேல்பக்கம் எது என்பதையும் அதில் குறிக்கலாம். பக்கம் தெரிய வேண்டியது ஏனென்றால், ஊசி குத்திய தகட்டில் ஊசி நுழைந்த பக்கத்தில் சிறு குழிகளும் வெளியேறிய பக்கத்தில் சிறு முடிச்சுகளும் இருக்கும். நம் ஊசியும் குழிப் பக்கமாக நுழைந்தால் நார் அடித்துணி வழியாகப் பிதுங்கி வெளிவருவது குறையும்.

வைத்திருந்ததை எடுக்கும் நாளில் என்ன செய்வது? அமெரிக்கக் கையேடுகள் பலவும் உலர்த்தும் இயந்திரத்தில் ஈரத்துணி ஒன்றோடு பத்து நிமிடம் சுழற்றச் சொல்கின்றன. அந்த இயந்திரம் இல்லாத வீட்டில் முந்தைய இரவே கட்டிலில் விரித்துவிடுவது போதும். மடிப்பு ஆழமாக இருந்தால் நீரை லேசாகத் தெளித்து, உள்ளங்கையால் தடவி, விசிறியின் கீழ் விடலாம். பருத்திக்கும் கம்பளிக்கும் நீராவி இஸ்திரிப் பெட்டியை அங்குல உயரத்தில் பிடித்துக் காட்டலாம், தொட வேண்டாம். பாலியெஸ்டருக்கு இஸ்திரியே கூடாது.

முன்கூட்டியே நனைத்துச் சுருக்குவதா என்பது ஓயாத விவாதம். பருத்தித் தகடு முதல் சலவையில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். முகத்துணியோடு சேர்ந்து சுருங்கும்போது வரும் மெல்லிய நெளிவை, பழைய குவில்ட்டின் தோற்றம் என்று விரும்புவோர் பலர். நானும் அவர்கள் பக்கமே. சுவரில் மாட்டும் சட்டத்துக்கோ அளவு பிசகக் கூடாத பைக்கோ தைப்பவர்கள் நனைக்கலாம். ஊசி குத்திய வகையை மட்டும், தொட்டியில் அமிழ்த்தி, கசக்காமல் பிழியாமல், துண்டில் சுற்றி நீரை ஒற்றியெடுத்துப் படுக்கைவாட்டில் உலர்த்த வேண்டும். பிணைப்பில்லாத பருத்தி நீரில் இட்டால் கூழாகிவிடும்.

வெட்டும்போது முகத்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு முதல் நான்கு அங்குலம் கூடுதலாக விட வேண்டும். நீண்ட கத்தரிக்கோல் நல்லது. இழுத்துப் பிடித்து வெட்டினால் ஓரம் மெலியும். வெட்டும் நாளில் பறக்கும் தூசு தையல் இயந்திரத்தின் பாபின் அறைக்குள் அடையும். அதைக் குச்சித் தூரிகையால் வெளியே இழுக்க வேண்டும். வாயால் ஊதினால் உள்ளேதான் போகும், ஈரமும் சேரும். பஞ்சுத் தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது ஆலை நகரங்களுக்குத் தெரியும். பைசினோசிஸ் என்ற மூச்சு நோய்க்காக அமெரிக்காவில் 1978இல் பணியிடப் பஞ்சுத் தூசுக்குத் தனி வரம்பே விதிக்கப்பட்டது. வீட்டுத் தையல் அந்த அளவுக்கு வராது. ஆனால் பழைய மெத்தைப் பஞ்சையோ இலவம் பஞ்சையோ பிரித்துப் பயன்படுத்துபவர்கள் முகக்கவசம் அணிந்தே செய்ய வேண்டும். போடிநாயக்கனூர் சந்தையால் பேர்பெற்ற இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் இணையற்றது. நார் வழுவழுப்பாக, உள்ளே வெற்றிடமாக, ஒன்றோடொன்று பிடிக்காமல் இருப்பதால் குவில்ட்டின் நடுவில் மட்டும் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும்.

தீயையும் சொல்ல வேண்டும். ஒரு நார் எரிவதற்குக் காற்றில் எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கிறார்கள். பருத்திக்கு 18 சதவீதம், பாலியெஸ்டருக்கு ஏறத்தாழ 20, கம்பளிக்கு 25. நாம் மூச்சுவிடும் காற்றில் இருப்பது 21. அதாவது பருத்தி பற்றினால் தானாக அணையாது. உதிர்ந்த பஞ்சு அதைவிட வேகமாகப் பற்றும். இஸ்திரி மேசைக்கு அடியில் இருக்கும் தட்டு காலியாகத் தெரிகிறதே என்று நறுக்கிய பஞ்சை அங்கே திணிப்பது மிகவும் ஆபத்தானது. ஸ்விட்ச் போர்டுக்கும் பூசையறை விளக்குக்கும் அருகிலும் வைக்கக் கூடாது.

ஒவ்வொரு குவில்ட் முடியும்போதும் ஓரத்தில் நீளநீளமான துண்டுகள் மிஞ்சும். வருடம் திரும்புவதற்குள் முழுத் தகட்டைவிடத் துண்டு மூட்டை பெரிதாகிவிடும். ஓரடிக்கு மேல் அகலமுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே நார், ஒரே எடை உள்ளவற்றைச் சேர்த்துச் சுருட்டிக் குறிப்பைத் தைத்துவிட வேண்டும். இணைக்கும்போது ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துத் தைத்தால் அந்த இடம் வரப்பாகத் தெரியும். இரண்டு ஓரங்களையும் சற்று ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வைத்து, இரண்டையும் சேர்த்து நெளிவாக ஒரே வெட்டில் வெட்டி, அந்த நெளிவுகள் பொருந்தும்படி ஓரத்தோடு ஓரம் வைத்து, அகலமான ஜிக்ஜாக் தையலால் தளர்வாகச் சேர்க்க வேண்டும். நேர்கோட்டு இணைப்பில் மடிப்பு விழும், நெளிந்த இணைப்பில் விழாது. அதற்கும் சிறியவை பாத்திரப் பிடிதுணிக்கும் ஊசி குத்தும் திண்டுக்கும் போகும். பிடிதுணிக்குப் பருத்தி மட்டும். சூடான பாத்திரத்தில் பாலியெஸ்டர் உருகிக் கையில் ஒட்டும்.

குறிப்பு இல்லாத துண்டுகள் எல்லா வீட்டிலும் இருக்கும். அவற்றைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரு சிட்டிகை நாரை இடுக்கியால் பிடித்து, தண்ணீர் உள்ள பாத்திரத்தின் மேல் மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் அது தன்னைச் சொல்லிவிடும். காகிதம் எரிந்த மணமும் பறக்கும் சாம்பலும் என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ். முடி கருகிய நாற்றமும், சுடரை எடுத்ததும் அணைவதும், விரலில் நசுங்கும் கரிய மணியும் கம்பளி. சுருங்கி உருகி, கரும்புகை விட்டு, ஆறியபின் நசுங்காத கெட்டி மணியானால் பாலியெஸ்டர். இரண்டு அடையாளமும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு. நார் தெரிந்தாலும் பிணைப்பின் வலு தெரியாது என்பதால், ஒரு துண்டை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதில் பிரிந்தால் தையல் வரிகளை இரண்டு அங்குலத்துக்குள் வைக்கலாம். இழுத்தும் பிடிவாதமாக நின்றால் நான்கு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.